சாலை மறியல் செய்வது எப்படி? சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊர் நீதிமன்றத்தில் கறுப்பு அங்கி மாட்டத் தொடங்கி இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கொலை வழக்கு என்று பார்த்தால் நான்கோ ஐந்தோ. வரப்புத் தகராறும் பாகப்பிரிவினையும் ஏராளம். ஆனால் என் வீட்டு உலை தவறாமல் கொதித்ததற்குக் காரணம் சாலை மறியல் செய்தவர்கள். வழக்கைக் கொண்டுவருபவரை நாங்கள் ‘கட்சிக்காரர்’ என்போம். என் கட்சிக்காரர்கள் பலர் அந்தச் சொல்லின் இரண்டு பொருளிலும் கட்சிக்காரர்கள். குடிநீர் வரவில்லை, மதுக்கடையை மாற்ற வேண்டும், பட்டா கிடைக்கவில்லை, தலைவரை யாரோ இழிவாகப் பேசிவிட்டார்கள் என்று காரணம் எதுவானாலும் மாலையில் கல்யாண மண்டபத்திலிருந்து வரும் தொலைபேசி அழைப்பு ஒன்றுபோலவே இருக்கும்: “வக்கீல் சார், இது சுதந்திர நாடுதானே?”

பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. போராடக் கிளம்புகிறவர்களின் கையில் கொடுத்துவிடலாம் என்று இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இதில் உள்ளபடி இம்மியும் பிசகாமல் நடந்தால் வழக்கு உறுதி. கட்டணத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

தேவையான பொருட்கள்: பதாகை ஒன்று (கோரிக்கை சிறிய எழுத்திலும் தலைமை தாங்குபவரின் படம் பெரிதாகவும்), ஒலிபெருக்கி, செல்போனில் படம் எடுக்க ஓர் ஆள், அரசியலமைப்புச் சட்டத்தைப் பற்றிய அரைகுறை அறிவு. முழு அறிவு வேண்டாம். அது போராட்டத்தின் சூட்டைத் தணித்துவிடும்.

முதல் படி: அரசியலமைப்பைப் பாதி படியுங்கள்

19-ஆவது பிரிவைத் திறந்து, முதல் உட்பிரிவை மட்டும் படிக்க வேண்டும். பேச்சுரிமை, அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை எல்லாம் வரிசையாக இருக்கும். உடம்பு சிலிர்க்கும். சிலிர்ப்பு அடங்குவதற்குள் கட்டைவிரலைப் பக்கத்தின் கீழ்ப்பாதியில் அழுத்தி வையுங்கள். இரண்டாவது, மூன்றாவது உட்பிரிவுகள் அந்த விரலுக்கு அடியில் இருக்கின்றன. நாட்டின் இறையாண்மை, பொது ஒழுங்கு போன்றவற்றுக்காக அரசு ‘நியாயமான கட்டுப்பாடுகள்’ விதிக்கலாம் என்று அங்கே எழுதியிருக்கிறது. ‘அமைதியாகவும் ஆயுதமின்றியும்’ என்ற சொற்கள் மட்டும் உரிமைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால் விரலால் மறைக்க முடியாது. அந்த இடத்தை வேகமாகப் படித்துக் கடந்துவிடுங்கள்.

விரலை எடுத்துப் பார்த்தால் இன்னொன்றும் கண்ணில் படும் என்பதுதான் வேடிக்கை. ‘நியாயமான’ என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை ஆண்டுகளாக வழக்கறிஞர்கள் அரசின் தடை உத்தரவுகளை நீதிமன்றத்தில் உடைத்துவருகிறார்கள். கட்டுப்பாடு இருக்கலாம், ஆனால் அது நியாயமானதுதான் என்று அரசு காட்டியாக வேண்டும். “எனக்குக் கட்டுப்பாடே கிடையாது” என்று முழங்குபவருக்கு இந்த ஆயுதம் கிடைக்காது. என் கட்சிக்காரர்கள் சட்டம் கொடுக்காத உரிமைக்காகத் தொண்டை கிழியக் கத்துவார்கள். கொடுத்த உரிமையைச் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிடுவார்கள்.

பன்னாட்டுப் படங்கள் பார்ப்பவர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் ஆய்வாளரின் முகத்துக்கு நேராக விரல் நீட்டி, “முதல் திருத்தம் தெரியுமா உங்களுக்கு?” என்று கேட்டார். ஆய்வாளருக்குத் தெரியவில்லை. இளைஞருக்கும் தெரிந்திருக்கவில்லை. அவர் சொன்னது 1791-இல் அமெரிக்காவில் வந்த முதல் திருத்தத்தை. பேச்சுரிமையைக் குறைக்கும் சட்டத்தை அந்நாட்டு நாடாளுமன்றம் இயற்றக்கூடாது என்பது அது. நம் நாட்டின் முதல் திருத்தம் 1951-இல் வந்தது, வேறொரு காரியத்துக்காக. ரொமேஷ் தாப்பரின் ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழுக்கு அன்றைய சென்னை அரசு தடை போட, அந்தத் தடை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1950-இல் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே அரசியலமைப்பைத் திருத்தி, பேச்சுரிமைக்கான கட்டுப்பாடுகளின் பட்டியலில் ‘பொது ஒழுங்கு’ என்பதையும் சேர்த்துவிட்டார்கள். ஆகவே இந்தியச் சாலையில் நின்றுகொண்டு முதல் திருத்தத்தைத் தூக்கிப் பிடித்தால் அது ஆய்வாளரின் பக்கம்தான் சாயும்.

இரண்டாம் படி: அனுமதி கேட்காதீர்கள்

சென்னை நகரில் 1888-ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன் 41-ஆவது பிரிவின்கீழ்க் காவல் ஆணையர் கூட்டங்களையும் ஊர்வலங்களையும் ஒழுங்குபடுத்துகிறார். ஐந்து நாட்களுக்கு முன்பே மனுக் கொடுக்கச் சொல்வார்கள். ஆணையர் இதற்காகப் போடும் உத்தரவுக்கு ஆயுள் பதினைந்து நாள். பதினாறாம் நாள் புதிதாக ஒன்று பிறக்கும். ஏலச்சீட்டு போல விடாமல் சுற்றிவரும். மாவட்டங்களில் 1861-ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 30(2) அதே வேலையைச் செய்கிறது. வெள்ளைக்காரன் போட்ட சட்டம் என்று மேடையில் திட்டுவதற்கு இரண்டுமே வசதியானவை. திட்டுங்கள், எனக்கும் உடன்பாடுதான்.

அனுமதி பற்றிப் பேச்சு வந்தால் உடனே கேட்க வேண்டிய கேள்வி, “காந்தி அனுமதி வாங்கினாரா?” என்பது. கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள், வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்துவிடாதீர்கள். காந்தி அனுமதி கேட்கவில்லைதான். ஆனால் 1930 மார்ச் 2-ஆம் தேதியே வைஸ்ராய் இர்வினுக்குக் கடிதம் எழுதி, எந்தச் சட்டத்தை ஏன் மீறப்போகிறேன் என்று விளக்கிவிட்டுத்தான் மார்ச் 12-இல் சபர்மதியிலிருந்து நடக்கத் தொடங்கினார். பேரரசுக்கு அவர் கொடுத்த அவகாசம் பத்து நாள். நம் காவல் நிலையம் கேட்பது ஐந்து.

அனுமதி மறுக்கப்பட்டால்? நம் வழிகாட்டியின்படி, மறுக்கப்பட்டதையே புதிய கோரிக்கையாக்கி மறுநாள் அதற்கும் மறியல் செய்ய வேண்டும். வேறு வழியும் உண்டு, உற்சாகமற்ற வழி. மனுவைக் கையில் வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பலாம். மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேட்கலாம். அந்தக் காகிதத்தோடு உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். தெருவில் கூட்டம் நடத்துவதை அரசு ஒழுங்குபடுத்தலாம், ஆனால் தன் விருப்பம்போல் ஒரேயடியாக மூடிவிட முடியாது என்று ஹிமத்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1972-லேயே சொல்லிவிட்டது. இடம், நேரம், ஒலிபெருக்கி என்று சில நிபந்தனைகள் போட்டு நீதிமன்றம் அனுமதி கொடுத்த வழக்குகள் எத்தனையோ உண்டு. இதில் ஒரு பெரிய குறை: அனுமதி கிடைத்துவிட்டால் கைது இருக்காது. கைது இல்லாவிட்டால் மறுநாள் நாளிதழில் படம் இருக்காது. மாவட்டச் செயலாளர் என்ன நினைப்பார்?

“2017-இல் மெரினாவில் யாரும் அனுமதி வாங்கவில்லையே?” என்பார்கள். உண்மை. ஜனவரியில் அந்தக் கடற்கரையில் திரண்ட கூட்டத்தை அரசு ஒரு வாரம் பொறுத்துக்கொண்டது; ஜல்லிக்கட்டுக்கு அவசரச் சட்டமும் வந்தது. 23-ஆம் தேதி சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறிய அதே நாளில் கூட்டத்தைக் கலைத்தார்கள், நகரமே கலவரமானது. அரசு பொறுத்துக்கொள்வது வேறு, சட்டம் உரிமை தருவது வேறு. ஐயம் இருந்தால் நான்கு பேர் ஒரு பதாகையோடு இன்று அந்த மணலில் போய் உட்கார்ந்து பாருங்கள்.

மூன்றாம் படி: 144-ஐ எண்ணத் தெரிந்துகொள்ளுங்கள்

“நூற்று நாற்பத்து நான்கு போட்டிருக்கிறார்கள், நான்கு பேர் சேர்ந்து நிற்கக்கூடாது” என்று டீக்கடையில் சொல்லாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. இதைக் கேட்டு என் கட்சிக்காரர் ஒருவர் கணக்குப் போட்டார். பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். மும்மூன்று பேராக நான்கு அணி. அணிக்கும் அணிக்கும் இடையே பத்தடி இருக்கும்படி கொடிக்கயிற்றால் அளந்து நிறுத்தினார். ஒரே முழக்கத்தை நான்கு அணிகளும் மாறி மாறி எழுப்பின. உதவி ஆய்வாளர் வந்து, அளவு எதுவும் எடுக்காமல், பன்னிரண்டு பேரையும் ஒரே வேனில் ஏற்றினார். “மூன்று பேர்தான் சார்!” என்ற குரல் வேனுக்குள்ளிருந்து நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்ததாம்.

உண்மையில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-ஆவது பிரிவில் எந்த எண்ணிக்கையும் கிடையாது. ஆபத்தைத் தடுக்க இன்னதைச் செய்யாதே என்று மாவட்ட ஆட்சியரோ கோட்டாட்சியரோ ஆணையிடலாம் என்பதே அதன் சாரம். எத்தனை பேர் கூடக்கூடாது என்பது அந்தந்த ஆணையில் எழுதப்படுவது. ‘சட்டவிரோதக் கூட்டம்’ என்பதற்கு ஐந்து பேர் வேண்டும், அதற்குமேல் சட்டம் பட்டியலிட்டிருக்கும் பொது நோக்கங்களில் ஒன்றும் வேண்டும். அது வேறு சட்டத்தில் இருக்கிறது. இரண்டையும் பிசைந்து டீக்கடை ஒரு புதுச் சட்டம் செய்துவிட்டது. போதாக்குறைக்கு, 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமே போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. அதில் இந்தப் பிரிவின் எண் 163. யாராவது “163 போட்டிருக்கிறார்கள்” என்று சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? காவலர்களே சொல்வதில்லை.

இங்கும் கேட்காமல் விடப்படும் உரிமை ஒன்று இருக்கிறது. அந்த ஆணை எழுத்தில் இருக்க வேண்டும். என்ன காரணத்துக்காகப் போடப்பட்டது என்று அதில் சொல்லியிருக்க வேண்டும். மாநில அரசு நீட்டித்தாலன்றி இரண்டு மாதத்துக்கு மேல் நீடிக்காது. நியாயமான கருத்தையும் எதிர்ப்பையும் அடக்குவதற்கு இந்தப் பிரிவைப் பயன்படுத்தக்கூடாது, ஆணைகளை வெளியிட வேண்டும் என்று அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. “ஐயா, அந்த ஆணையின் நகலைக் காட்டுங்கள்” என்று அமைதியாகக் கேட்டால் பல இடங்களில் காவல் துறைதான் பைலைத் தேடி ஓட வேண்டியிருக்கும். இருபத்திரண்டு ஆண்டுகளில் என் கட்சிக்காரர்களில் ஒருவர்கூட அப்படிக் கேட்டதில்லை. கயிறு பிடித்து அளந்தவர் மட்டும் இருக்கிறார்.

நான்காம் படி: சாலையில் உட்காருங்கள்

இடம்: பேருந்து நிலையச் சந்திப்பு. நேரம்: காலை எட்டரை. கோரிக்கைக்குத் தொடர்புள்ள அலுவலகம் பத்து மணிக்கு மேல்தான் திறக்கும் என்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். மறிக்கப்பட வேண்டியவர் அதிகாரி அல்லர். இரண்டாம் ஷிப்டு முடிந்து தூக்கக் கலக்கத்தோடு வீடு திரும்பும் பனியன் கம்பெனித் தொழிலாளியும், நுழைவுச் சீட்டோடு பரீட்சைக்குப் போகும் பெண்ணும்.

இதற்கான தத்துவம் எளிது. அரசு நம்முடையது. சாலை அரசுடையது. ஆகவே சாலை நம்முடையது. ‘நம்’ என்பதில் அந்தப் பரீட்சைப் பெண் சேர்த்தி இல்லை. அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், “உனக்காகத்தான் அம்மா போராடுகிறோம்” என்று ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் வந்தால் மட்டும் வழிவிட வேண்டும். அதைப் படம் எடுக்கத்தான் செல்போன் ஆளை அழைத்து வந்திருக்கிறீர்கள்.

போகும் உரிமை உள்ள ஒருவரைப் போகவிடாமல் தடுப்பது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 126-ஆவது பிரிவின்படி குற்றம். ஒரு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இதன் எண் 341. பழைய வழக்குகள் இன்றும் அந்த எண்ணில்தான் நடக்கின்றன. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தில்லி ஷாகின் பாக் சாலையை 2019 டிசம்பரிலிருந்து மூன்று மாதத்துக்கு மேல் பெண்கள் அமர்ந்து மறித்திருந்தார்கள். அது குறித்த வழக்கில் 2020 அக்டோபர் 7-இல் வந்த தீர்ப்பில், எதிர்ப்புத் தெரிவிக்கும் உரிமையும் இருக்கிறது, பொது வழியைக் காலவரையின்றி அடைத்துக்கொள்ள முடியாது என்பதும் இருக்கிறது. முதல் வாக்கியத்தை என் கட்சிக்காரர்கள் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். இரண்டாவதைக் காவல் துறை மனப்பாடம் செய்திருக்கிறது. முழுத் தீர்ப்பையும் படித்தவர்கள் நீதிமன்ற நூலகத்தில் தூங்குகிறார்கள்.

ரயிலை மறிப்பவர்கள் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 174-ஆவது பிரிவை ஒருமுறை பார்க்கலாம். ‘ரயில் ரோகோ’ என்ற இந்திச் சொல்லை அப்படியே சட்டத்துக்குள் வைத்திருக்கிறார்கள். இரண்டாண்டு வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தங்கள் போராட்டத்தின் பெயர் சட்டப் புத்தகத்தில் ஏறியிருப்பதில் ஒருவகைப் பெருமை உண்டுதான்.

மறியலுக்குப் பதில் கடையடைப்பு நடத்துவதாக இருந்தால் பெயரில் கவனமாக இருங்கள். கட்டாய ‘பந்த்’ அரசியலமைப்புக்கு எதிரானது என்று கேரள உயர் நீதிமன்றம் 1997-இல் சொல்ல, அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கேரளம் மனம் தளரவில்லை. மறுபடியும் கடைகள் மூடின, பஸ்கள் நின்றன. பெயர் மட்டும் ‘ஹர்த்தால்’. நம்மிடமும் கதை இருக்கிறது. சேதுசமுத்திரத் திட்டத்துக்காக 2007 அக்டோபர் 1-இல் ஆளும் கூட்டணியே அறிவித்த பந்த்துக்கு எதிராக உச்ச நீதிமன்றம் முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை கூடித் தடை விதித்தது. மறுநாள் அது உண்ணாவிரதமானது. அரசை நடத்துகிறவர்களே யாரை எதிர்த்துக் கடையை மூடச் சொன்னார்கள் என்று அப்போது சிலர் கேட்டார்கள். கேட்டவர்களின் கடையும் மூடியிருந்தது.

ஐந்தாம் படி: வரிப்பணத்தை உடையுங்கள்

இதை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அரசுப் பேருந்து நம் வரிப்பணத்தில் வாங்கியது, ஆகவே அதன் கண்ணாடியை உடைக்க நமக்கு உரிமை உண்டு என்பது கொள்கை. அதே வரிப்பணத்தில்தான் புதுக் கண்ணாடியும் வாங்குவார்கள் என்பது கொள்கையில் சேராது. மத்திய அரசின் 1984-ஆம் ஆண்டுச் சட்டமும், அதைவிட அடிக்கடி நம் ஊரில் எடுக்கப்படும் தமிழ்நாட்டின் 1992-ஆம் ஆண்டுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டமும் இதற்கென்றே இருக்கின்றன. மற்ற மறியல் வழக்குகளில் “போய்விட்டு வாருங்கள்” என்று கட்சிக்காரரிடம் சொல்லும் நான், இந்தப் பிரிவு இருந்தால் மட்டும் கையில் மாற்று வேட்டி ஒன்று கொண்டுவரச் சொல்வேன்.

ஆறாம் படி: கைதாகுங்கள்

போராட்டத்தின் சுவையான பகுதி இது. ‘சிறை நிரப்பும் போராட்டம்’ என்று பெயர். நிரம்புவது கல்யாண மண்டபம். சிறையில் இடமில்லை, முகூர்த்த நாள் இல்லாவிட்டால் மண்டபத்தில் இடமிருக்கிறது. வேனில் ஏறும்போது இரண்டு கையையும் தூக்க வேண்டும். இரண்டு காவலர் தூக்கிச் செல்வதுபோல் படம் வேண்டுமென்றால் உடலைத் தளர்த்திக்கொள்ளுங்கள். நம் ஏட்டுகளுக்கு வயதாகிவிட்டது, முதுகு வலி. மண்டபத்தில் மேடைக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகள். மின்விசிறிக்கு அடியில் நிர்வாகிகள், கதவோரம் தொண்டர்கள். ஒரு மணிக்குச் சாம்பார் சாதமும் தயிர் சாதமும் பொட்டலமாக வரும். ஊறுகாய் இல்லையென்றால் அங்கேயே ஒரு முழக்கம் போடலாம். ஆறு மணிக்கு விடுவிப்பு. மறுநாள் செய்தியின் கடைசி வரியை இன்றே எழுதிவிடலாம்: ‘கைது செய்யப்பட்டவர்கள் மாலையில் விடுவிக்கப்பட்டனர்.’

பொட்டலம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு ராஜாஜி தலைமையில் உப்பு யாத்திரை போனபோது, தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்களுக்குச் சிறை என்று தஞ்சாவூர் ஆட்சியர் தோர்ன் அறிவித்தார். காவிரிக் கரை ஊர்க்காரர்கள் கொடுக்கவில்லை. வழிநெடுக மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் கொடுத்தது என்று மரத்தையா விசாரிக்க முடியும்? சட்டத்தை எழுத்து எழுத்தாகப் படித்தவர்கள் அதன் இடுக்கு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

நம் மண்டபத்துக்கு வருவோம். “வாரண்டு இருக்கிறதா?” என்பது அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி. திரைப்படத்தில் இதைக் கேட்டால் காவலர் பின்வாங்குவார். நிஜத்தில், பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றங்கள் என்று ஒரு நீண்ட அட்டவணையே சட்டத்தில் இருக்கிறது. சாலையில் நீங்கள் செய்தவற்றில் பல அதற்குள் வரும். அப்படிப்பட்ட குற்றத்தைத் தடுப்பதற்காக முன்கூட்டியே பிடிக்கவும் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 170-ஆவது பிரிவு இருக்கிறது, பழைய எண் 151.

கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. “என்ன காரணத்துக்காகக் கைது?” அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு அந்தக் காரணத்தைச் சொல்லியாக வேண்டும் என்கிறது. “என் வக்கீலைப் பார்க்க வேண்டும்” என்பதும் அதே பிரிவில்தான். 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். தடுப்பதற்காகப் பிடித்தவரையும், வேறு சட்டம் இடம் தராதவரை, அதற்குமேல் வைத்திருக்க முடியாது. வீட்டாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சியின் கையெழுத்து வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் 1996-இலேயே வரிசையாகச் சொல்லிவிட்டார்கள். பொழுது சாய்ந்த பிறகு பெண்களைக் கைது செய்வதானால் பெண் அதிகாரி எழுத்தில் காரணம் சொல்லி நடுவரின் முன் அனுமதி பெற வேண்டும். இத்தனையும் இருக்க, மண்டபத்தில் எழும் ஒரே உரிமைக் குரல் இரண்டாவது பொட்டலத்துக்காக.

காவல் துறையின் சட்ட அறிவும் சளைத்ததல்ல. “இது கைதே இல்லை சார், பாதுகாப்பாக உட்கார வைத்திருக்கிறோம்” என்று ஒருமுறை என்னிடமே சொன்னார்கள். அப்படியானால் எழுந்து போகலாமா என்று கேட்டேன். அது முடியாதாம். போக முடியாமல் இருப்பதற்கு வேறு என்ன பெயர் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் கிண்டலை விட்டுவிட்டுச் சொல்கிறேன். வெளியே விடும்போது நீட்டப்படும் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் வெற்றுத் தாளில்கூடப் போட்டுவிட்டு வருகிறார்கள். இந்த நாட்டில் ஒரு மனிதன் தன் சுதந்திரத்தை இழப்பது பெரும்பாலும் தடியடியில் அல்ல, பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில்.

ஏழாம் படி: வழக்கை மறந்துவிடுங்கள்

மாலையில் விடுவித்ததும் எல்லாம் முடிந்தது என்று நம்ப வேண்டும். மண்டபத்து வருகைப் பதிவேட்டில் எழுதிய பெயரும் முகவரியும் முதல் தகவல் அறிக்கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்ற எண்ணமே வரக்கூடாது. பழைய வழக்கென்றால் 143 (சட்டவிரோதக் கூட்டம்), 188 (அதிகாரியின் ஆணையை மீறுதல்), 341. இந்த மூன்று எண்களும் எங்கள் நீதிமன்றத்தில் மும்மூர்த்திகள் போல.

எங்கள் மேலத்தெருக் கட்சிக்காரர் ஒருவர், 2019 கோடையில் குடிநீருக்காகக் காலிக் குடத்தோடு சாலையில் அமர்ந்தவர். கோரிக்கை நூற்றுக்கு நூறு நியாயம். அந்தத் தெருவில் பதினோரு நாள் தண்ணீர் வரவில்லை. சம்மன் வந்தபோது என்னிடம் கொதித்தார். “நான் போராளி, குற்றவாளி இல்லை. எனக்கு எதற்கு வாய்தா?” போராளிகளுக்குத்தான் வாய்தா அதிகம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் பெரியவர்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னார்.

அந்தப் பெரியவர்கள் இந்த வழிகாட்டிக்கு லாயக்கற்றவர்கள் என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது? 1922 மார்ச்சில் அகமதாபாத் நீதிமன்றத்தில் ராஜத்துரோக வழக்கில் நின்ற காந்தி குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதிகபட்சத் தண்டனையைக் கொடுங்கள் என்றார். ஆறு ஆண்டு கிடைத்தது. 1957-இல் பெரியார் அரசியலமைப்பு எரிப்பை அறிவித்ததும், அதற்கென்றே மூன்றாண்டு வரை சிறை வைக்கும் சட்டத்தைச் சென்னை அரசு கொண்டுவந்தது. தண்டனை என்னவென்று தெரிந்த பிறகும் நவம்பர் 26-இல் ஆயிரக்கணக்கானோர் எரித்தார்கள். நீதிமன்றத்தில் எதிர்வழக்காடாமல் சிறைக்குப் போனார்கள். அவர்களுடைய கொள்கையை ஏற்கலாம், மறுக்கலாம். சட்டத்தை மீறினால் என்ன ஆகும் என்று தெரிந்து மீறினார்கள். மீறிவிட்டு, “எனக்கு எதற்கு வாய்தா?” என்று கேட்கவில்லை.

இன்னும் விசித்திரம், மேலத்தெருக்காரருக்குத் தப்பிக்க உண்மையான கதவுகள் இருந்தன. 188-ஆவது பிரிவில் காவல் துறை தானாக முதல் தகவல் அறிக்கை பதிய முடியாது, உரிய அதிகாரி நடுவரிடம் எழுத்தில் புகார் தர வேண்டும் என்று ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அரசின் மீதுள்ள அதிருப்தியைச் சொல்லக் கூடியதாலேயே ஒரு கூட்டம் சட்டவிரோதக் கூட்டமாகிவிடாது என்பதும் அதில் இருக்கிறது. போதாதென்றால் காலவரையறை: ஓராண்டு வரை மட்டுமே சிறை விதிக்கத்தக்க குற்றத்தை நீதிமன்றம் பொதுவாக ஓராண்டுக்குள் கோப்பில் எடுத்தாக வேண்டும். தூங்கிக்கொண்டிருந்த குற்றப்பத்திரிகைகள் பல இந்தக் கல்லில் தடுக்கி விழுந்திருக்கின்றன. “வாருங்கள், ரத்துக்கு மனுப் போடலாம்” என்றேன். தப்புச் செய்தவன்தான் மனுப் போடுவான் என்று சொல்லிவிட்டார்.

பிறகு, போராட்ட வழக்குகள் வாபஸ் என்று அரசு அறிவித்த செய்தியை நாளிதழிலிருந்து கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வாய்தாவுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். அறிவிப்பு வந்தால் வழக்கு ஆவியாகிவிடாது. எந்தெந்த வழக்கு என்று பட்டியல் வர வேண்டும், அரசு வழக்கறிஞர் மனுத் தாக்கல் செய்ய வேண்டும், நீதிமன்றம் அதற்குச் சம்மதிக்க வேண்டும். இவருடைய வழக்கு பட்டியலிலேயே இல்லை. மகளின் நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய நாள் வாசலில் பிடிவாரண்டோடு ஏட்டு நின்றார். நல்ல மனிதர், பூக்கட்டும் பெண்களுக்கு வழிவிட்டுத் தள்ளி நின்றாராம். அன்று பிற்பகல் வாரண்டை நீக்க நான் ஓடிய ஓட்டம் எனக்குத்தான் தெரியும். வழக்கு நிலுவையில் இருப்பதால் மகனுக்குக் கடவுச்சீட்டு கிடைக்காதோ என்று இப்போது இன்னொரு கவலை. தந்தை மீதுள்ள வழக்கு மகனைத் தொடாது என்று மூன்று முறை சொல்லிவிட்டேன். சட்டத்தில் அவருக்கு நல்லதாக இருக்கும் எதையும் அவர் நம்புவதில்லை.

போன வாரம் இரவு எட்டு மணிக்கு வந்தார். கையில் செல்போன், முகத்தில் கோபம். எதிர்வீட்டில் காதணி விழா. தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருக்கிறார்களாம். மூன்று நாளாக இவருடைய வண்டியை வெளியே எடுக்க முடியவில்லை. நான்கு கோணங்களில் படம் எடுத்து வைத்திருந்தார்.

“ஒரு மனிதன் போகிற வழியை இப்படி மறிப்பதற்கு இந்த நாட்டில் யாருக்கு உரிமை இருக்கிறது வக்கீல் சார்? இதற்குச் சட்டத்தில் பிரிவே இல்லையா?”

“இருக்கிறது. இப்போது 126.”

“முன்பு?”

“முன்பு 341.”

சிறிது நேரம் யோசித்தார். “இந்த எண்ணை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே” என்றார். நான் மேசை இழுப்பறையைத் திறந்து புதிய வக்காலத்துப் படிவம் ஒன்றை எடுத்து வைத்தேன்.